நாலாம் தடத்து மழை

சிங்காநல்லூரில் கிரைண்டர் கல் கொத்தும் தெருவில், வெள்ளிங்கிரியின் கடைக்கு மேலே இருக்கிற மாடிக்கூடத்துக்குள், கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தலையணை அளவில் ஒரு மேகம் ஜன்னல் வழியாக வந்தது. வந்த மேகம் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கார்ப் பந்தயப் பலகையின் கோழிக்கழுத்து வளைவுக்கு நேர் மேலே, டியூப் லைட்டுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுகொண்டு, மழை பெய்ய ஆரம்பித்தது. நாலாம் தடத்தில் மட்டும்தான் பெய்தது. பக்கத்திலேயே இருந்த மூன்றாம் தடத்தில் பொட்டு ஈரம் இல்லை.

கூடத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. துடியலூர் தண்டபாணி மட்டும் பாதி கடித்த பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெள்ளிங்கிரியிடம் கேட்டார்.

"ஏனுங்ணா, இந்த மழை எல்லாத்துக்கும் உண்டுங்களா, இல்ல நாலாம் தடத்துல ஓட்டறவனுக்கு மட்டுமா?"

அந்த மாடியில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். மேகம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் வேலையில்லாதவர்கள் கேட்பது.

அங்கே ஓடுகிற கார்கள் உள்ளங்கையில் அடங்குகிற கார்கள். நீளமான பலகையில் தடத்துக்கு ஒன்றாக நாலு காடிப் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு காடிக்கும் இரண்டு பக்கமும் செப்புப் பட்டை ஒட்டி, அதில் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் விட்டிருந்தார்கள். காரின் மூக்குக்கு அடியில் இருக்கிற சின்ன முளை காடிக்குள் இறங்கி நிற்கும். கையில் இருக்கிற ட்ரிக்கரை அழுத்தினால் கார் ஓடும், விட்டால் நிற்கும். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. வளைவில் பேராசைப்பட்டவனுடைய கார் காடியை விட்டுக் குதித்துப் பறந்து போய் யாருடைய டீ டம்ளரிலாவது விழும். ஸ்லாட் கார் பந்தயம் என்று இதற்குப் பேர். தெருவில் உள்ளவர்கள் 'மாடிக் காரு' என்பார்கள்.

அந்த மாடியில் கூடுகிற கார் மன்றத்துக்குப் போட்டி நடத்துகிறவர் வெள்ளிங்கிரி. நியாயம் என்றால் அவருக்கு ஒரு வியாதி. மோட்டார்களையெல்லாம் ஒரு பித்தளை அண்டாவில் கொட்டி, ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்கச் சொல்வார். கார்களை நகைக்கடைத் தராசில் நிறுப்பார். எல்லாரும் எல்லாத் தடத்திலும் ஒரே நேர அளவு ஓட்டியாக வேண்டும். தன் ஓட்டம் முடிந்தவன் அடுத்த ஓட்டத்துக்கு வளைவில் மார்ஷலாக நின்று, குதித்து விழுகிற கார்களை எடுத்துக் காடியில் வைக்க வேண்டும், அது அவனைத் தோற்கடித்தவனுடைய காராக இருந்தாலும் சரி. அவருடைய மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கும் பெண் வீட்டுப் பந்திக்கும் பாயசத்து முந்திரியைச் சரிபாதியாகப் பிரித்ததில் அரை முந்திரி மிஞ்சிப்போக, அதை இரண்டு பக்கமும் போடாமல் காக்கைக்கு வைத்தார் என்றும், காக்கை ஜோடியாக வந்துவிட்டதால் மறுபடியும் வாங்கிக் கிள்ளி வைத்தார் என்றும் சொல்வார்கள். கிள்ளினதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

'ஏமாத்திட்டாங்க' என்று சொல்லிக்கொண்டு அந்த மாடிப்படியில் ஒருத்தன்கூட இறங்கியதில்லை என்பது அவர் கழுத்தில் போட்டிருந்த கனத்த சங்கிலி. ஊர் அதைப் பார்த்து மெச்சும். அந்தச் சங்கிலியின் கனத்தை மட்டும் அவருடைய மனைவி பூவாத்தா சுமந்தாள்.

பூவாத்தா மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவள். தலைமுடி கனத்துக்கு இருக்கிற செப்புக் கம்பியை அறுக்காமல், தளர்த்தாமல், பேசிக்கொண்டே சுற்றுகிற விரல் அது. ட்ரிக்கரை அந்த விரல் தொட்டால் கார் வளைவில் பூனை மாதிரிப் போகும். மன்றத்தில் அவளைவிட நன்றாக ஓட்டுகிறவர் கிடையாது, அதே மன்றத்தில் கோப்பையே வாங்காதவளும் அவள்தான். ஏனென்றால் ஒரு சந்தேகம் என்று வந்துவிட்டால் வெள்ளிங்கிரி அவளுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்வார். கரண்ட் போன நேரத்தில் அவள் கார் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று கேள்வி வந்தபோது, தாண்டவில்லை என்றார். காருக்கு அவள் வைத்திருந்த குங்குமப் பொட்டை எடை கூடுகிறது என்று அழிக்கச் சொன்னார். "பொண்டாட்டிக்குச் சாதகம் பண்ணிட்டான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு" என்பார், பெரிய தியாகம் பண்ணியவர் முகத்தோடு. தியாகம் யாருடையது என்று பூவாத்தா கேட்டதில்லை. வீட்டுக்குப் போய்க் குழம்பில் உப்பைக் கூட்டி வைப்பாள். அவரும் நியாயத்தைச் சாப்பிடுகிற மாதிரி அதைச் சாப்பிட்டுவிடுவார்.

மேகத்துக்கு வருவோம். முதலில் வளைவுக்கு மேல் ஒரு குடையைக் கட்டினார்கள். மேகம் குனிந்து குடைக்கு உள்ளே வந்துவிட்டது. அப்புறம் பெரிய ஃபேனைக் கொண்டுவந்து எதிரே வைத்தார்கள். காற்று மேகத்துக்கு ஒத்துக்கொண்டது போல, ஒரு வாரத்தில் அது தலையணையிலிருந்து திண்டு அளவுக்குச் சதை போட்டது. பாலக்காட்டிலிருந்து வாரா வாரம் ரயிலேறி வந்து ஓட்டுகிற பல் டாக்டர் பாப்பச்சன், "பேசாம நாலாம் தடத்தை மூடிரலாம். மூணுல ஓட்டலாம்" என்றார்.

"மூணுல ஓட்டுனா நாலுல ஓட்டி ஜெயிச்சவனெல்லாம் பொய்யாப் போயிருவானுங்களே" என்றார் வெள்ளிங்கிரி. பிறகு மேகத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் நனையட்டும். எல்லாரும் ஒரே நேரம் நனையட்டும்" என்றார்.

அதோடு அது தீர்ந்தது. பலகைக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு விட்டார்கள். மறுநாள் விடியும்போதே குழாய்க்குக் கீழே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. மாநகராட்சியிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார், தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார், "ருசியா இருக்குதுங்க, ஆனா நம்ம லைன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரில் வேகவைத்த பருப்பு சீக்கிரம் குழைந்தது. அதைக் குடித்த ஒரு வெள்ளாடு அதன்பிறகு நேராக நடப்பதை விட்டுவிட்டுத் தெருவை வட்டமாகவே சுற்றியது, அதுவும் எப்போதும் இடது பக்கமாக. சூலூர்க்காரர் ஒருவர் மஞ்சள் பையில் வெல்லமும் தேங்காயும் எடுத்து வந்து, தன்னுடைய சோளக்காட்டுக்கு மேகத்தை நாலு நாள் இரவல் கேட்டார்.

"கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள் பூவாத்தா.

அவர் கன்றைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். மேகம் ஒரு பக்கமாகத் திரும்பி, யோசித்து, மறுபடியும் வளைவுக்கே வந்துவிட்டது. வெல்லத்தை அங்கே இருந்தவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டு அவர் வெறுங்கையோடு போனார். பங்கு வைத்தது வெள்ளிங்கிரி என்பதால் யாருக்கும் குறையில்லை.

மன்றத்துக்காரர்கள் மழையில் ஓட்டப் பழகிக்கொண்டார்கள். தூறலில் எவ்வளவு அழுத்தலாம், வலுத்துப் பெய்தால் எந்த இடத்தில் விரலைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்தது. வளைவில் நிற்கிற மார்ஷலுக்கு ரெயின் கோட்டும், ஓட்டம் முடிந்ததும் சுக்குக் காப்பியும் என்று பழக்கமாயிற்று. மழையோடு சேர்ந்து பெருமையும் வந்தது. உலகத்தில் எந்த மாடியில் இப்படி ஒரு தடம் இருக்கிறது? முடிவெட்டுகிற கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் சிங்காநல்லூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்கள்.

அந்தப் பெருமையின் வாசனை பிடித்துத்தான் தென்னாட்டுக் கோப்பைப் போட்டி அந்த வருஷம் அவர்கள் மாடியைத் தேடி வந்தது. பெங்களூர், பாலக்காடு, மதுரை என்று எல்லா ஊர் மன்றங்களும் வருவதாகச் சொல்லியனுப்பின. வெள்ளிங்கிரிக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. உள்ளூர்க்காரன் மாதக்கணக்கில் மழையில் பழகியவன், வெளியூர்க்காரன் மழையைக் குடையோடு மட்டும் பார்த்தவன், இது எப்படிச் சமமாகும்? ஆகவே போட்டிக்கு முந்தின இரண்டு நாளும் நாலாம் தடம் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும், உள்ளூர்க்காரர் ட்ரிக்கரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"நம்ம மழை, நாமளே நனையக் கூடாதா? இது எந்த ஊரு நாயங்ணா?" என்று தண்டபாணி குதித்தார்.

"போதும் தண்டபாணியண்ணா. ரெண்டு நாள்ல மறந்துபோற கையா இருந்தா அது கத்துக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்று பூவாத்தா சொன்னதும் அடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டி. பெங்களூர் மன்றத்துத் தலைவர் சோமண்ணா, கறுத்த மீசையும் வெள்ளைச் சட்டையுமாக வந்தவர், அரையிறுதியில் நாலாம் தடத்துக்கு வந்தபோது மேகம் வெறும் தூறலோடு நிறுத்திக்கொண்டது. அவருக்கு முன்னால் அதே தடத்தில் ஓட்டிய தண்டபாணிக்கு ஜவ்வரிசி மாதிரி ஆலங்கட்டியே விழுந்திருந்தது.

"அண்ணா, இது செல்லாதுங்ணா! எனக்குக் கல்லு, அவருக்குப் பன்னீரா?" என்றார் தண்டபாணி, தலையைத் தடவிக்கொண்டு.

வெள்ளிங்கிரி கண்ணிமைக்கவில்லை. "ஹாரன் அடிச்சப்புறம் மேகம் கொடுத்ததுதான் கணக்கு. நம்ம வேலை எல்லாரையும் அதுக்குக் கீழ ஒரே நேரம் நிக்க வைக்கறது. அது என்ன பெய்யுதுங்கறது அதோட வேலை" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். சோமண்ணா கையைத் தட்டினார்.

"ஜட்ஜுன்னா இவரு ஜட்ஜு!" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் இறுதிப் போட்டி. நாலு பேர், நாலு தடம், ஒவ்வொருவரும் முறை மாறி மாறி நாலு ஓட்டம். சோமண்ணாவுக்கு முதல் ஓட்டத்திலேயே நாலாம் தடம் வாய்த்தது, நல்ல மழையில் தெப்பலாக ஓட்டி முடித்தார். மதுரைக்காரரும் திருச்சூர்க்காரரும் அடுத்தடுத்து நனைந்தார்கள். பூவாத்தாவுக்கு நாலாம் தடம் கடைசி ஓட்டத்தில். அவளும் சோமண்ணாவும் மூன்று ஓட்டம் முடிந்தபோது ஒரே கணக்கில் நின்றார்கள், சுற்றும் சமம், அரைச் சுற்றும் சமம். கூடத்தில் நிற்க இடமில்லை. படிக்கட்டிலும் ஆள், ஜன்னலிலும் ஆள். எதிர்வீட்டு மொட்டை மாடியிலும் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

பூவாத்தா காரைத் தடத்தில் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ட்ரிக்கரைக் கையில் எடுத்தாள். மழை நின்றுபோனது.

மேகம் எங்கேயும் போகவில்லை. மடி கனத்த மாடு கறக்க விடாமல் காலை இறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி, கறுத்துக் கனத்து, ஒரு சொட்டு விடாமல் அங்கேயே நின்றது. தடத்தின் மேல் இருந்த ஈரம் ஃபேன் காற்றில் கண்ணெதிரே காய்ந்தது. மேகம் வந்த நாளிலிருந்து அந்தத் தடத்தைக் காய்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

"என்னா சார் இது?" சோமண்ணாவின் குரல் ஏறியது. "நாங்க மூணு பேரும் நெனஞ்சுக்கினே ஓட்டுனோம். உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் வெயிலா? இதான் உங்க நியாயமா?"

கூடம் முழுக்க வெள்ளிங்கிரியைப் பார்த்தது. கையில் ஹாரனோடு நின்ற அவருக்குப் படிக்கட்டு கண்ணில் தெரிந்தது, அதில் இறங்கிப்போகப் போகிற சோமண்ணா தெரிந்தார், நாளைக்குப் பெங்களூரிலும் மதுரையிலும் பேசப்போகிற பேச்சு காதில் விழுந்தது. 'சிங்காநல்லூர் மாடியா? அங்கே மேகமே அவன் பொண்டாட்டிக்குச் சொந்தம்.' ஓட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டால் சங்கிலி கழுத்தில் பத்திரமாக இருக்கும். சொல்வது சுலபம், பழகின வாய். பூவாத்தாவும் பழகினவள்தான்.

அவளைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்க்கவில்லை, சோமண்ணாவைப் பார்க்கவில்லை, தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்க மாமா" என்றாள். "சொல்றதைச் சொல்லுங்க. கை மரத்துப்போகுது."

வெள்ளிங்கிரி டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அவ்வளவு நேரமா நின்றுகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் இதே கேள்விதான். சோமண்ணா நின்ற இடத்தில் தூறியபோது பதில் வாய்க்குத் தானாக வந்தது, டீ சூடாகவே இருந்தது. இப்போது அதே மேகம், அதே தடம், அதே கேள்வி, டீ மட்டும் ஆறியிருக்கிறது. நிற்பது பூவாத்தா என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இத்தனை காலம் தராசைச் சமமாகப் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் ஏறும்போதெல்லாம் எதிர்த் தட்டில் தன் சங்கிலியைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்பது அந்த ஆறின டீயில் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

"காலைல உங்களுக்குச் சொன்னதுதானுங்க இப்பவும்" என்றார் சோமண்ணாவிடம், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "மேகம் கொடுத்ததுதான் கணக்கு. ஓடட்டும்!"

சோமண்ணா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹாரனை அடித்துவிட்டார்.

காய்ந்த தடம் பூவாத்தாவுக்குப் பட்டு விரித்து வைத்திருந்தது என்று நினைத்தவர்கள் முதல் வளைவிலேயே திருந்தினார்கள். மாதக்கணக்கில் நனைந்த பலகையில் படிந்திருந்த பாசி காய்ந்து, நைஸ் அரிசி மாவு கொட்டியது போல வழுக்கியது. களிம்பேறிய செப்புப் பட்டை கரண்டை விக்கி விக்கிக் கொடுத்தது. மழைக்குப் பழகிய கை மழையைத் தேடியது. இரண்டாம் சுற்றில் கோழிக்கழுத்தில் அவள் கார் காடியை விட்டுக் குதித்து, பலகையின் ஓரத்தில் பம்பரமாகச் சுற்றியது. அங்கே மார்ஷலாக நின்ற பாப்பச்சன், அரையிறுதியில் அவளிடம்தான் தோற்றவர், அவசரப்படாமல், தாமதிக்காமல், ஒரு பல்லை எடுத்து வைக்கிற சுத்தத்தோடு காரை எடுத்துக் காடியில் வைத்தார். அதற்குள் சோமண்ணா முக்கால் சுற்று முன்னால் போய்விட்டார்.

அப்புறம் பூவாத்தா கண்ணை மூடிக்கொண்டாள். காயில் சுற்றும்போது கம்பி எங்கே இழுக்கிறது என்று விரல்தானே பார்க்கும், கண்ணா பார்க்கும்? பட்டை விக்குகிற இடத்தில் அவள் விரல் காத்திருந்தது. மாவு வழுக்குகிற இடத்தில் மூச்சை விட்டது, நேர்த்தடத்தில் கார் கம்பியை விட்டு அறுந்த மாதிரிப் பாய்ந்தது. சுற்றுக்குச் சுற்று சோமண்ணாவின் காருக்கும் அவள் காருக்கும் நடுவே இருந்த இடைவெளி வேட்டி மடிப்பு மாதிரிச் சுருங்கி, ஒரு முழம் ஆகி, ஒரு சாண் ஆகி, கடைசிச் சுற்றில் இல்லாமலே போய், நேரம் முடிகிற கணத்தில் மறுபக்கம் ஒரு விரற்கடை நீண்டிருந்தது. ஹாரன் அடித்தது. மேகம் ஒன்றும் நடக்காத மாதிரி மழையைத் திறந்துவிட்டது.

சிங்காநல்லூர் போட்ட கூச்சலில் கீழே கடையில் அடுக்கியிருந்த கிரைண்டர் கற்கள் ஒன்றோடொன்று இடித்து மணியடித்தன. சோமண்ணா தன் காரைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"ஏமாத்து வேலை சார் இது!" என்றார். "பொண்டாட்டிக்காக மழையை நிறுத்துற ஊருக்கு இனிமே வரமாட்டோம்." பரிசளிப்புக்குக்கூட நிற்காமல், படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் 'ஏமாத்து' என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

எல்லாரும் வெள்ளிங்கிரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தார்கள். அவரோ கழுத்துச் சுளுக்கு விட்டவர் மாதிரித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க படிக்கட்டுக்கு இன்னிக்குத்தான் திருஷ்டி கழிஞ்சுது" என்றார் தண்டபாணி.

வெள்ளிங்கிரி மைக்கை வாங்கி, "தென்னாட்டுக் கோப்பை, சிங்காநல்லூர் பூவாத்தா" என்றார். ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மதுரைக்காரர் ஜெயித்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சாயங்காலம், கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, ஸ்கூட்டரைப் பூவாத்தா எடுத்தாள். அவர் பின்னால் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருமுனை தாண்டியதும் பூவாத்தா பேச்செடுத்தாள்.

"ஏனுங்க மாமா."

"சொல்லு."

"எனக்காகவா அப்படிச் சொன்னீங்க?"

வெள்ளிங்கிரி யோசித்தார். ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவாளோ என்றும் தோன்றியது. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

"இல்ல பூவா. யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

பூவாத்தா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"அந்த 'யாரா இருந்தாலும்'ல ஒருத்தியா ஆகறதுக்குத்தானுங்க இத்தன வருஷம் ஓட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, குளத்தோரத்துப் பெரிய வளைவில், எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் பயந்து ஒதுங்குகிற வேகத்தில், வண்டியைத் துளியும் தணிக்காமல் சாய்த்து எடுத்தாள். பின்னால் இருந்தவர் ஒரு கையில் கோப்பையையும் மறுகையில் சீட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லவில்லை.